குறுக்கு வார்ப் பை

பதிப்பகத்தில் வேலை பார்ப்பவரின் பை எவ்வளவு கனக்கும் என்பதை முடிவு செய்கிறவர்கள் எழுத்தாளர்கள்தான். 320 பக்க நாவல் என்றால் அச்சுக் கணக்கில், 16 பக்கத்துக்கு ஒன்றாக, 20 பாரம். பக்கத்துக்கு ஒரு தாளாக ஏ4 அளவில் ப்ரூஃப் எடுத்தால், 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்றுக்கு 5 கிராம் வீதம் 1.6 கிலோ. எழுத்தாளர் தாராள மனசுக்காரராக இருந்துவிட்டால் ஒரு முழுக் கட்டுத் தாளும் தீர்ந்து இரண்டரைக் கிலோ ஆகிவிடும். கூடவே லேப்டாப், சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், வேர்வைக்கு மாற்றுச் சட்டை, கைப்பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான். ஆதம்பாக்கத்திலிருந்து ராயப்பேட்டைக்குச் சைக்கிளில் போய்வந்த வருடங்களில் இத்தனையையும் என் தோள்தான் தாங்கியது. ஆகவே பைகளைப் பற்றி எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. அவற்றில் பாதி, பெரியமேட்டில் ஒரு பாயிடம் கற்றவை.

கிண்டி, சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டை என்று போகும் வழி. மெட்ரோவுக்காக அண்ணா சாலையைத் தோண்டிப் போட்டிருந்த காலம் அது. தகரத் தடுப்புக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் கிடைத்த சந்தில் ஓட்ட வேண்டும். அலுவலகம் போய்ச் சேர்ந்தால் முடிந்தது என்றும் இல்லை. திருவல்லிக்கேணி அச்சகத்தில் ஒரு கட்டைக் கொடுக்க வேண்டும், மயிலாப்பூரில் மெய்ப்புப் பார்க்கும் பெரியவரிடம் திருத்திய பாரங்களை வாங்க வேண்டும், அட்டைப்படத்துக்கு ஓவியர் வீட்டுக்குப் போக வேண்டும். பிடிஎஃப் அனுப்பினால் ஆகாதா என்று கேட்பார்கள். பெரியவருக்கு ஆகாது. ஒற்று மிகுவதும் மிகாததும் திரையில் தெரியாது, தாளில்தான் தெரியும் என்பது அவர் கட்சி. பக்கத்துக்கு நாலு திருத்தம் சிவப்பு மையில் போட்டு அதை நிரூபித்தும் விடுவார்.

ஆரம்பத்தில் என்னிடம் இருந்தது ஜோல்னாப் பை. சிற்றிதழ் உலகத்தின் சீருடை என்பதால் அதற்கு ஒரு மரியாதை உண்டு, ஆனால் அது நடக்கிறவர்களுக்கான பை. சைக்கிளில் குனிந்த மாத்திரத்தில் முன்பக்கம் சரிந்து வந்து தொங்கும். பெடல் மிதிக்கும்போதெல்லாம் முழங்கால் அதை உதைக்கும். திருப்பத்தில் முன்சக்கரத்தை எட்டிப் பார்க்கும். அடுத்து முதுகுப் பை. மார்கழி தவிர மற்ற மாதங்களில் சென்னையில் முதுகுப் பை மாட்டிக்கொண்டு மிதித்தால், இறங்கும்போது சட்டையில் பையின் உருவம் அப்படியே ஈரமாகப் பதிந்திருக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வாசலிலும் இரண்டு கையையும் உருவி, பையை எங்காவது வைத்து, ஜிப்பைத் திறந்து, டப்பாவுக்கு அடியிலிருந்து கட்டை உருவ வேண்டியிருந்ததுதான் எனக்கு ஒத்துவரவில்லை. பிறகு கருத்தரங்கு ஒன்றில் இலவசமாகக் கொடுத்த லேப்டாப் பை. நந்தனம் சிக்னலில் அதன் கொக்கி வாய் பிளந்துகொண்டது. லேப்டாப் பிழைத்தது, டப்பாவிலிருந்த சாம்பார் சாதம்தான் வெளியேறி ஒரு கவிதைத் தொகுப்பின் முன்னுரையோடு கலந்தது.

வாரைக் குறுக்கே மாட்டுகிற பையைத் தெரியாதவர்களா நாம்? எங்கள் தெருத் தபால்காரர் காக்கிப் பையை அப்படித்தான் மாட்டியிருப்பார். சைக்கிளை விட்டு இறங்க மாட்டார். ஒரு காலைத் தரையில் ஊன்றி, பையின் வாயை இடுப்புக்கு முன்னால் இழுத்து, கடிதத்தை எடுத்து நீட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். நியூயார்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் சைக்கிளில் அலுவலகக் காகிதங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் தூதர்களுக்கும் வேண்டியிருந்தது இதேதான். நாளெல்லாம் பையைக் கழற்றாமலே திறந்து மூட வேண்டும். நியூயார்க்கில் டி மார்ட்டினி குடும்பத்தின் குளோப் கேன்வாஸ் பட்டறை அவர்களுக்குத் தைத்துக் கொடுத்தது. சான் பிரான்சிஸ்கோவில் ராப் ஹனிகட் என்ற தூதர் தானே தைக்க உட்கார்ந்தார். 1989இல் தொடங்கிய அந்த முயற்சிதான் டிம்பக்டு கம்பெனி. 1995இல் வந்த குரோம் கம்பெனி கார் சீட் பெல்ட்டின் பக்கிளையே பையின் வாரில் வைத்தது. ஃபேக்ஸும் மின்னஞ்சலும் வந்து அந்தத் தூதர்களின் பிழைப்பு சுருங்கிவிட்டது. பை மட்டும் கல்லூரி மாணவர்கள் தோளுக்கு ஏறி உலகம் சுற்றுகிறது.

உலகம் சுற்றியதில் அதற்கு உடம்பு இளைத்துவிட்டது என்பது என் எண்ணம். கடைகளில் ‘மெசஞ்சர் பேக்’ என்று விற்பவற்றில் பெரும்பாலானவை நீள வார் போட்ட லேப்டாப் பைகள்தான். சைக்கிளுக்கென்று செய்த பையை அடையாளம் காண ஒரு துண்டு நாடா போதும். பையின் கீழ் மூலையிலிருந்து நெஞ்சுக்குக் குறுக்கே, அக்குளுக்கு அடியில் வந்து பெரிய வாரோடு சேரும் ஒல்லியான இன்னொரு நாடா. பை சுழன்று முன்னால் வராமல் பிடித்துக்கொள்வது அதுதான். அது இல்லாவிட்டால் விலை எத்தனை ஆயிரமானாலும் அது கொஞ்சம் படித்த ஜோல்னாப் பை.

என்னிடம் அப்படிப்பட்ட அசல் பை ஒன்று வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் சில வருடம் வேலை பார்த்துத் திரும்பிய நண்பன், தான் அங்கே ஓட்டியபோது வைத்திருந்த பழைய பையைக் கொடுத்தான். கறுப்பு நைலான், இரண்டு அங்குல அகல வார், உள்ளே வழவழப்பான பூச்சு, வாயில் ஜிப்பே கிடையாது, பையின் அகலத்துக்கும் மேல் வழிகிற மூடி. 2015 டிசம்பர் 1ஆம் தேதி சென்னையில் கொட்டிய மழையில் அதை மாட்டிக்கொண்டு வீடு திரும்பினேன். கிண்டிக்கு அப்புறம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வர முடிந்தது. உடம்பில் நனையாத இடமில்லை, உள்ளே இருந்த பாரங்களில் ஓரம்கூட ஈரமாகவில்லை. மறுநாள் அடையாற்று வெள்ளத்தில் சைதாப்பேட்டைப் பாலத்தில் போக்குவரத்து நின்றது. கிடங்கில் இருந்த புத்தகங்களை அந்த வெள்ளத்தில் பறிகொடுத்த பதிப்பாளர்கள் உண்டு. ஆகவே என் ஒரு கட்டுக் காகிதம் தப்பியதைப் பற்றி அப்போது யாரிடமும் பெருமை பேசவில்லை.

மழையில் தேறிய பையைப் பரண் சாப்பிட்டுவிட்டது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் பையைத் துடைத்து, தூசி படாமல் இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் ஏற்றினோம். மறுபடி இறக்கியபோது வெளித்துணி புதிது போலவே இருந்தது. உள்ளே கையை விட்டால் பிசுக்கென்று ஒட்டியது. புளித்த வாசனை. பூச்சு செதில் செதிலாக உதிர்ந்தது. நைலான் துணிக்கு உள்பக்கம் பூசும் பாலியூரித்தேன் பலவற்றுக்கு இந்த விதி உண்டு. காற்றிலுள்ள ஈரமும் வெப்பமும் சேர்ந்து அதன் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும். குளிர்ந்த, காய்ந்த ஊர்களில் இது நிதானமாக நடக்கும். நம் கடற்கரைப் புழுக்கத்தில், அதுவும் காற்றோட்டமில்லாத உறைக்குள், வேகமாக நடக்கும். பயன்படுத்துவதால் தேயும் பொருள்களை நமக்குத் தெரியும். இது சும்மா வைத்திருந்தால் சாகிற ரகம். நீர்புகாது என்று சீட்டில் போட்டிருப்பதைப் பார்த்துப் பை வாங்குகிறவர்கள், எந்தப் பூச்சினால் புகாது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

பெரியமேட்டுக்குப் போகச் சொன்னவர் எங்கள் பைண்டர். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பின்னால் சைடன்ஹாம்ஸ் சாலையிலும் அதன் சந்துகளிலும் தோலும் ரெக்சினும் பக்கிளும் நூற்கண்டுமாக வியாபாரம் நடக்கிற பேட்டை. பசை வாடையிலேயே வழி கண்டுபிடித்துவிடலாம். ஒரு மாடிப்படிக்கு அடியில் பாயின் கடை. ஒரு மிஷின், ஒரு ஸ்டூல், ரிப்பேருக்கு வந்த பைகள் கூரைவரை. பையை நீட்டினேன். விலை கேட்கவில்லை, கம்பெனிப் பெயரைப் பார்க்கவில்லை. உள்பக்கத்தை வெளியே புரட்டினார். லுங்கியெல்லாம் கறுப்புத் தூள். அதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. வார் பையில் சேரும் இடத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

“நல்லா தச்சிருக்கான்” என்றார்.

“உள்ள எல்லாம் உதிருதே பாய்.”

“அது கிடக்கு தம்பி. துணி எங்க கிழியுது? தையல்தான் விடும். வாரு இறங்குற இடத்தப் பாருங்க, பையோட ஆயுசு தெரியும்.”

காட்டினார். என் பையின் வார் ஓரத் தையலோடு நின்றுவிடவில்லை. முதுகுப் பக்கத் துணியின் மேல் ஒரு சாண் இறங்கி வந்து, அங்கே சதுரமாகத் தைத்து, சதுரத்துக்குள் பெருக்கல் குறியாகவும் தைத்திருந்தது. வார் துணியைத் தொடும் முதல் இடத்தில் நெருக்கமாக முன்னும் பின்னும் ஓட்டிய குறுக்குத் தையல். ஜீன்ஸ் பாக்கெட் மூலைகளில் இருக்குமே, அதே பார்டாக். இழுவை ஒரே புள்ளியில் விழாமல் பரவிப்போகிறது. பிறகு ஆணியில் தொங்கிய பள்ளிக்கூடப் பை ஒன்றை எடுத்தார். அதன் வாரை இரண்டு துணிகளுக்கு நடுவே செருகி, ஒரே ஓட்டமாகத் தைத்துவிட்டிருந்தார்கள். புத்தகக் கனத்தில் அங்கேயே வாய் பிளந்திருந்தது. “ஜூன்ல ஸ்கூல் திறந்தா எனக்கு ஆகஸ்ட்ல தீபாவளி” என்றார் பாய்.

அன்று அவருக்கு வேலை குறைவோ, கேட்க ஆள் கிடைத்த சந்தோஷமோ, ஒரு மணி நேரம் பாடம் நடந்தது. உள்தையல்களின் ஓரத்தில் நாடா வைத்து மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடாவிட்டால் நைலான் இழைகள் பிரிந்து பிரிந்து ஒருநாள் தையலைத் தாண்டிவிடும். அடி விளிம்பில் அழகுக்காகப் பைப்பிங் கொடுத்த பை வேண்டாம். தரையில் உரசுவதில் முதலில் தேய்வது அதுதான், அது தேய்ந்தால் கூடவே தையலும் போகும். நூலைச் சோதிக்கத் தீக்குச்சி. பிசிறிய நுனியில் கொளுத்தினால் பருத்தி சாம்பலாகும், நைலானோ பாலியஸ்டரோ உருகி ஒரு முத்தாகத் திரளும். வேர்வையில் பருத்தி நூல் மக்கும் என்பதால் முத்து வர வேண்டும். இரும்பைச் சோதிக்கப் பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம். வளையத்தில் காந்தம் சட்டென்று ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு, சட்டையில் துருக்கறை நிச்சயம். என் பையில் வளையமே இல்லை, எல்லாம் நாடாவும் பிளாஸ்டிக்கும். காந்தத்தை ஏமாற்றத்தோடு திரும்ப வைத்தார்.

மூடிக்கு அடியில் ஜிப் இல்லாதது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஜிப் கெட்டது என்று வருகிறவற்றில் பல்லு கெட்டது குறைவு, ரன்னர் தேய்ந்ததுதான் அதிகம் என்றார். ரன்னரை மட்டும் மாற்றிச் சில ரூபாயில் முடிகிற காரியத்துக்குப் பையையே தூக்கிப் போடுகிறார்களாம். வெல்க்ரோ மட்டும் அவருக்கும் எனக்கும் ஆகவில்லை. நூல் வெளியீட்டு விழாவில் தலைவர் உருக்கமாகப் பேசும்போது வெல்க்ரோ மூடியைத் திறந்து பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். அதில் முக்கால் பாகத்தைப் பிரித்தெடுத்துவிடச் சொன்னேன்.

துணியைப் பற்றி நான் படித்து வைத்திருந்ததை அவரிடம் சொல்லிப் பார்த்தேன். வெளித்துணி 1000 டெனியர் நைலான். 9000 மீட்டர் இழை எத்தனை கிராம் இருக்கிறதோ அத்தனை டெனியர். ஆக, 1000 டெனியர் என்றால் 9 கிலோமீட்டர் இழை ஒரு கிலோ. பருத்தி நூல் கணக்கில் வளர்ந்த நமக்கு இது தலைகீழ். 40ஆம் நம்பரைவிட 100ஆம் நம்பர் வேட்டி மெல்லிசு. இங்கே எண் ஏற ஏறத் தடிமன். பாய் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “சரி தம்பி, ஆனா தையல் பிரிஞ்ச அப்புறம் எத்தன நம்பரா இருந்து என்ன?”

புதிதாக ஒன்று தைக்க எவ்வளவு ஆகும் என்று கேட்கத்தான் போயிருந்தேன். லாரித் தார்ப்பாயில் தைத்தால் என்ன என்றும் ஒரு யோசனை இருந்தது. 1993இல் சூரிச் நகரத்தில் மார்க்கஸ், டேனியல் ஃப்ரைட்டாக் என்ற சகோதரர்கள் தங்கள் ஜன்னலுக்கு வெளியே பாலத்தில் போகும் லாரிகளைப் பார்த்து, பழைய தார்ப்பாயை உடம்பாகவும் சீட் பெல்ட்டை வாராகவும் சைக்கிள் டியூபை விளிம்பாகவும் வைத்துப் பை தைத்தார்கள். அவர்களுடைய பை ஒன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில்கூட இருக்கிறது. லாரிகளுக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது, இங்கே ஆகாதா? பாய் தலையாட்டினார். தார்ப்பாய் தண்ணீருக்கு நல்லது, ஆனால் விறைப்பு. வெயிலில் கிடந்தால் மடிப்பு மடிப்பாக வெடிக்கும். தைத்தால் ஒவ்வொரு ஊசித் துளையும் ஒரு வாய்க்கால். தைக்காமல் சூட்டில் ஒட்டிச் செய்கிற பைகளும் உண்டு, ஜெர்மனியின் ஓர்ட்லீப் போன்ற கம்பெனிகள் அதில் பேர் போனவை. அப்படி ஒரு பையின் படத்தைக் கைபேசியில் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். “இதுல பிரிக்க ஒண்ணுமே இல்லயே” என்று திருப்பிக் கொடுத்தார். அவர் குரலில் மெச்சுதலைவிட மனக்குறைதான் அதிகம்.

“உங்க பையை எதுக்குப் போடணும்? வெளித்துணி கிடக்கு, வாரு கிடக்கு. உள்ள மட்டும் புதுசு தொங்க விடலாம்.”

தொங்க விடுவது என்று அவர் சொன்னதை அசல் தூதர் பைகளிலும் செய்வார்கள். உள்பை வாய் விளிம்பில் மட்டும் வெளிப்பையோடு சேரும், மற்றபடி தனியாகத் தொங்கும். வெளித்தையல் துளைகள் வழியே வரும் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் வடிந்துபோகும். மெல்லிய ரகத் தார்ப்பாய் வெள்ளை நிறத்தில் எடுத்தார். உள்ளே வெளுப்பாக இருந்தால்தான் தேடுகிற பேனா கண்ணில் படும் என்பது அவருடைய சொந்த யோசனை. அடியில் தையலே வராமல் பொட்டலம் மடிப்பதுபோல மடித்து, பக்கவாட்டுத் தையலை மேலே ஏற்றிக் கொண்டுபோனார். பழைய பூச்சைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருவது என் வேலை. வீட்டு மொட்டை மாடியில் பிரஷ்ஷும் சோப்புத்தூளுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கே போயிற்று. மூடியில் லாரிகளுக்கு ஒட்டுகிற ரிஃப்ளெக்டர் டேப்பை நானே வாங்கி ஒட்டினேன். இரவில் பின்னால் வரும் ஆட்டோக்காரர்கள் கொஞ்சம் தூரத்திலேயே ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பை இன்னும் ஓடுகிறது. எல்லாவற்றையும் அதில் ஏற்றுவதை மட்டும் நிறுத்திவிட்டேன். ஒரு தோளில் குறுக்கே விழும் கனத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. ஒரு கட்டுத் தாள், லேப்டாப், மாற்றுச் சட்டை, அவ்வளவுதான். அதற்கு மேல் வந்தால் பழைய டியூபைக் கிழித்த பட்டையால் கேரியரில் கட்டிவிடுகிறேன். வீடு, அலுவலகம் என்று இரண்டே இடத்தில் பையைத் திறப்பவர்களுக்கு நான் இந்தப் பையைச் சிபாரிசு செய்வதுமில்லை. அவர்களுக்குக் கேரியரின் பக்கவாட்டில் மாட்டும் பைதான் சுகம், முதுகு காயும். வழியில் நாலு வாசலில் நிற்கிற பிழைப்பு உள்ளவர்களுக்குத்தான் இது.

போன வருடம் எங்கள் வடிவமைப்புப் பிரிவில் சேர்ந்த பெண் அப்படிப்பட்டவள். பெரம்பூரிலிருந்து சைக்கிள். வழியில் இரண்டு அச்சகம், ஒரு லேமினேஷன் கடை. கைபேசியில் ஏழெட்டுப் பைகளைக் குறித்து வைத்துக்கொண்டு, “எதுண்ணா வாங்கலாம்?” என்று வந்தாள். எல்லாப் படங்களும் பையின் முகத்தைக் காட்டின. வார் இறங்கும் இடத்தை ஒன்றுகூடக் காட்டவில்லை. அவளுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. இடது கைக்காரி. ஒற்றை வார்ப் பைக்குக் கைப்பழக்கம் உண்டு. வலது தோளில் மாட்டுவதற்கென்று தைத்த பையை இடது தோளுக்கு மாற்றினால் பக்கிள் தப்பான இடத்தில் வந்து நிற்கும், இறுக்கும் நாடா முதுகுக்குப் பின்னால் போய்விடும். அவள் பார்த்த எல்லாமே வலது தோளுக்கானவை.

பெரியமேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மஞ்சள் நிறம் வேண்டும் என்றாள். மஞ்சள் அழுக்காகும் என்றார் பாய். அழுக்கானால் ஆகட்டும், லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியும் என்றாள். அதற்கு அவரிடம் பதில் இல்லை. ஏ3 தாளை மடிக்காமல் வைக்க வேண்டும் என்றதும் அகலம் கூடும், விலை கூடும் என்றார். டேப்பை எடுத்து அவள் தோளுக்கும் இடுப்புக்கும் அளவு எடுக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

“சைக்கிள்லயா வந்தீங்க?”

“ஆமா, வெளிய நிக்குது.”

“ஏறி உக்காரும்மா. குனிஞ்சு ஹேண்டில் பாரப் புடி. நிக்கிறப்ப எடுத்த அளவு ஓட்டுறப்ப உதவாது.”

சைடன்ஹாம்ஸ் சாலையின் மதிய நெரிசலில், தோல் கட்டு ஏற்றிய மீன்பாடி வண்டிக்கும் எங்களுக்கும் நடுவில் சைக்கிளை நான் பிடித்துக்கொள்ள, அவள் ஏறி உட்கார்ந்தாள். பாய் டேப்பின் ஒரு முனையை அவள் இடது தோளில் வைத்து, மறுமுனையை முதுகோடு இறக்கி, எண்ணை உரக்கச் சொல்லி என்னை எழுதிக்கொள்ளச் சொன்னார்.